நோபல் பரிசு வாங்கிய வாயுவும் மாமா கொடுத்த போத்தலும்

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 69 வயது. இருபது வருடமாக இனிப்புநீர், அதற்கும் முன்பிருந்தே இரத்தக் கொதிப்பு. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஜிடிஎன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் ஒரு நாள் காலையில் வலது கை மரத்து, வாய் லேசாகக் கோணியது. எம்ஆர்ஐ எடுத்ததில் மூளையின் ஆழத்தில் சிறிய அடைப்பு இருந்தது. 'மூளையின் சின்ன இரத்தக் குழாய்கள் பழுதாகியிருக்கின்றன' என்றார் டாக்டர். கை சரியாகிவிட்டது. ஆனால் சில மாதங்களாக மறதி. கேட்டதையே திரும்பக் கேட்கிறார். கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்கிறார். பேச்சும் குறைந்துவிட்டது. சிகரெட்டை இன்னும் விடவில்லை, நாளுக்கு ஐந்தாறு.

இந்த நேரத்தில் அம்மாவின் தம்பி, பக்கத்துத் தாமானில் இருப்பவர், நேரடி விற்பனையில் சேர்ந்து 'நைட்ரிக் ஆக்சைடு பவுடர்' மூன்று போத்தல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். போத்தல் 350 வெள்ளி. 'நோபல் பரிசு வாங்கிய கண்டுபிடிப்பு. மூளைக்கு இரத்தம் பாயும், மறதி போய்விடும், கொதிப்பு மாத்திரையே வேண்டாம்' என்றாராம். அப்பாவுக்கு ஏற்கெனவே கணுக்கால் வீக்கம். அதற்கு அம்லோடிபின் என்ற கொதிப்பு மாத்திரைதான் காரணம் என்று முடிவுசெய்து இரண்டு வாரமாக அதை நிறுத்திவிட்டார். இரத்த அழுத்தம் பார்க்கும் வீட்டு மெஷினில் 158/94, ஒரு நாள் 166/96. மகள் இணையத்தில் தேடினால் பாதிப் பக்கங்கள் நைட்ரிக் ஆக்சைடை அமுதம் என்கின்றன, மீதி மூளைச் செல்லைக் கொல்லும் நஞ்சு என்கின்றன. இதற்கிடையில் மாமா இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: 'ஆண்கள் போடும் அந்த நீல மாத்திரை மறதிக்கும் நல்லதாம், நான் வாங்கித் தருகிறேன்.'

'இந்த நைட்ரிக் ஆக்சைடு அப்பாவின் மூளைக்கு நல்லதா, கெட்டதா? பவுடரைக் கொடுக்கலாமா? மாமா மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?' இவைதாம் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது: இரண்டு வாரமாக அம்லோடிபின் இல்லை. பவுடர் நல்லதா கெட்டதா என்பதைப் பிறகு நிதானமாகப் பேசலாம். ஒரு முறை பக்கவாதம் வந்தவருக்கு 166 என்ற அளவு தள்ளிப்போடக்கூடிய விஷயம் இல்லை. அடுத்த அப்பாயின்மெண்ட் எப்போது என்று பார்க்காமல் நாளைக்கே அரசாங்க கிளினிக்குக்கு அவரை அழைத்துப் போங்கள். மாத்திரையை நிறுத்தியதையும், ஏன் நிறுத்தினார் என்பதையும், பவுடரையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து நம் ஆட்கள் இதைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள்.

கணுக்கால் வீக்கம் பற்றி அப்பா சொல்வது வீண் சாக்கு இல்லை. அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்க வைக்கும். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், வழி இருக்கிறது. அதே நேரத்தில் இருபது வருட இனிப்புநீர்க்காரருக்குக் கால் வீங்கினால் சிறுநீரகத்தையும் இதயத்தையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடக் கூடாது.

மறுபடி கை மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே ஆம்புலன்சுக்கு 999ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணி நேரம்தான் கெடு. போன தடவை தானாகச் சரியானதே என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

நோபல் பரிசு எதற்கு?

மாமா சொன்னதில் பாதி உண்மை. ஒரு நைட்ரஜன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான் நைட்ரிக் ஆக்சைடு. வாகனப் புகையில் இருக்கும் இந்த வாயுவை நம் உடம்பும் தயாரிக்கிறது என்று ஒரு காலத்தில் யாரும் நினைக்கவில்லை. 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இரத்தக் குழாயின் உள்சுவர் ஏதோ ஒன்றை வெளிவிடுகிறது, அதனால்தான் குழாய் தளர்ந்து விரிகிறது என்று காட்டினார். அந்த 'ஏதோ ஒன்று' இந்த வாயுதான் என்று தெரிய இன்னும் சில வருடம் ஆனது. 1998இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. இதய, இரத்தக் குழாய் மண்டலத்தில் இந்த வாயு செய்தி கொண்டுபோகும் வேலையைச் செய்கிறது என்று கண்டதற்கான பரிசு அது. போத்தலில் இருக்கும் எந்தப் பவுடருக்கும் அந்தப் பரிசில் பங்கு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பரிசை நிறுவிய ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் எழுதிக்கொடுத்தார்கள். அவர் டைனமைட் செய்து பணக்காரரான அதே பொருள். உங்கள் அப்பா நாக்குக்கு அடியில் வைக்கும் ஜிடிஎன்னும் அதுதான். அது உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டு வேலை செய்கிறது.

அதாவது, மாமா போத்தல் கொண்டுவருவதற்கு முன்பே உங்கள் வீட்டில் நைட்ரிக் ஆக்சைடு இருந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய மருந்துப் பட்டியலில் பெரிண்டோபிரில் இருக்கிறது, அட்டோர்வாஸ்டாட்டின் இருக்கிறது. முதலாவது கொதிப்புக்கு, இரண்டாவது கொழுப்புக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். இரண்டுமே இரத்தக் குழாய்ச் சுவர் தன் நைட்ரிக் ஆக்சைடைச் சரியாகத் தயாரிக்கவும் உதவுகின்றன. கிளினிக்கில் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைப்பதால் நமக்கு அதன் அருமை தெரிவதில்லை.

நல்லதா, கெட்டதா?

இணையத்தில் நீங்கள் பார்த்த இரண்டு கட்சியும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் பாதியைச் சொல்கிறார்கள்.

மூளையின் எடை உடம்பில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. சேமித்து வைக்க இடமும் இல்லை. அதனால் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ, அந்தப் பகுதிக்கு அந்த நொடியே இரத்தம் கூடுதலாக வர வேண்டும். நீங்கள் இதைப் படிக்கும்போது மொழியைக் கவனிக்கும் பகுதியில் அதுதான் நடக்கிறது. அங்கே நரம்புச் செல்கள் 'இங்கே அனுப்பு' என்று குழாய்க்குச் சொல்லும் வழிகளில் ஒன்று நைட்ரிக் ஆக்சைடு. மூளைச் செல்கள் இதை வெளிவிடுகின்றன என்று 1988இல் பிரிட்டனின் லிவர்பூலில் ஜான் கார்த்வெயிட் குழுவினர் காட்டினார்கள். ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகும் பாதை உறுதிப்படுவதிலும், அதாவது கற்பதிலும் நினைவில் வைப்பதிலும், இதற்குப் பங்கு உண்டு. ஒரு சில நொடியில் தோன்றி, செய்தியைச் சொல்லிவிட்டு அழிந்துவிடும். அந்தக் குறுகிய ஆயுள்தான் இதன் சிறப்பே.

இப்போது மறுபக்கம். பக்கவாதம் வந்து மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் நின்றால், அங்குள்ள நரம்புச் செல்கள் கட்டுப்பாடு இழந்து, இதே வாயுவை அளவுக்கு மீறித் தயாரிக்கின்றன. அந்த நேரத்தில் அங்கே சூப்பராக்சைடு என்ற இன்னொரு மூலக்கூறும் நிறைய இருக்கும். இரண்டும் சேர்ந்தால் பெராக்ஸிநைட்ரைட் என்ற மிகக் கடுமையான பொருள் உண்டாகும். செல்லின் கொழுப்பு, புரதம், மரபணு எதையும் அது விட்டுவைக்காது. அல்சைமர், பார்க்கின்சன் நோய்களிலும் மூளையின் காவல் செல்கள் வீக்கத்தால் தூண்டப்பட்டு, நாள்கணக்கில் இந்த வாயுவை வெளிவிடுகின்றன என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்றுகள் உண்டு. 'நைட்ரிக் ஆக்சைடு மூளையைக் கொல்லும்' என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தெளிவாக்கிய ஆய்வு என்று நான் நினைப்பது பாஸ்டனில் எலிகளை வைத்துச் செய்தது. உடம்பில் இந்த வாயுவைத் தயாரிக்க மூன்று வகை நொதிகள் உண்டு. ஒன்று நரம்புச் செல்லில், ஒன்று குழாய்ச் சுவரில், ஒன்று வீக்கம் வரும்போது காவல் செல்களில். நரம்புச் செல் வகை இல்லாமல் பிறந்த எலிகளுக்கு மூளையின் இரத்தக் குழாயை அடைத்தபோது பாதிப்பு குறைவாக இருந்தது. 1994இல் வந்த முடிவு இது. குழாய்ச் சுவர் வகை இல்லாத எலிகளுக்கு அதே சோதனையைச் செய்தபோது பாதிப்பு அதிகமாக இருந்தது. இது 1996. வாயு ஒன்றுதான். குழாய்ச் சுவரில் உண்டானது மூளையைக் காத்தது, நரம்புச் செல்லில் பீறிட்டது கெடுத்தது. ஆகவே 'நல்லதா கெட்டதா' என்ற கேள்வியைவிட 'எந்த இடத்தில், எவ்வளவு, எந்த நேரத்தில்' என்ற கேள்விதான் பொருத்தம். வாயில் போடும் பவுடருக்கு இந்த மூன்றும் தெரியாது.

மனிதர்களிடம் முயன்று பார்க்காமல் இல்லை. பக்கவாதம் வந்த 4,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஜிடிஎன் பட்டையைத் தோலில் ஒட்டிப் பார்த்தார்கள். கொதிப்பு இறங்கியது, ஆனால் அவர்கள் எழுந்து நடமாடுவதில் முன்னேற்றம் இல்லை. தாமதமாக ஒட்டியதால்தான் பலிக்கவில்லை போலும் என்று பிரிட்டனில் ஆம்புலன்சிலேயே ஒட்டினார்கள். 2019இல் அதன் முடிவும் அப்படியே வந்தது. சரி, வாயுவைக் குறைத்தால்? இரத்தத்தில் கிருமி பரவி அழுத்தம் விழுந்துபோன நோயாளிகளுக்கு இதன் உற்பத்தியையே தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது இறப்பு கூடிவிட்டது. கூட்டியும் பயனில்லை, குறைத்தும் ஆபத்து. கொஞ்சம் நம்பிக்கை தருவது ஒன்று உண்டு. உங்கள் அப்பாவுக்கு வந்தது போன்ற சின்னக் குழாய் அடைப்புள்ள 363 பேருக்கு, நைட்ரிக் ஆக்சைடு தரும் ஒரு பழைய இதய மாத்திரையையும் சிலோஸ்டசோல் என்ற மருந்தையும் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வெளிவந்த முடிவு, பாதுகாப்பாகத் தெரிகிறது, பலன் இருக்கலாம் என்ற அளவில் நிற்கிறது. பெரிய ஆய்வு முடியாமல் இதை யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. நீங்களாக வாங்கிக் கொடுக்கக்கூடியதும் அல்ல.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

நீங்கள் அனுப்பிய லேபிள் படத்தைப் பார்த்தேன். எல்-ஆர்ஜினைன், எல்-சிட்ருலின், பீட்ரூட் தூள், கொஞ்சம் இனிப்பு, சுவை. நைட்ரிக் ஆக்சைடு அதில் இல்லை, இருக்கவும் முடியாது. ஆர்ஜினைன் என்பது அந்த வாயுவைத் தயாரிக்க உடம்பு பயன்படுத்தும் மூலப்பொருள். மூலப்பொருளைக் கூட்டினால் உற்பத்தி கூடும் என்பது விற்பவர்களின் கணக்கு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் செல்களில் அந்த நொதிக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு ஆர்ஜினைன் ஏற்கெனவே இருக்கிறது. இனிப்புநீர், கொதிப்பு, சிகரெட் மூன்றும் சேர்ந்து கெடுப்பது நொதியை. கெட்டுப்போன நொதி நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாகச் சூப்பராக்சைடைத் தயாரிக்கத் தொடங்கும். கொஞ்சநஞ்சம் உண்டாகும் நல்ல வாயுவையும் அது அழித்துவிடும். வீட்டில் அரிசி மூட்டை அடுக்கிக் கிடக்கிறது, பழுதானது அடுப்பு. இன்னும் மூன்று மூட்டை அரிசி வாங்கி என்ன பிரயோஜனம்?

பிரயோஜனம் இல்லை என்பதோடு போனால் பரவாயில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு நாளுக்கு 9 கிராம் ஆர்ஜினைன் கொடுத்த ஓர் அமெரிக்க ஆய்வு 2006இல் வெளிவந்தது. மொத்தம் 153 பேர். ஆர்ஜினைன் எடுத்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். வெறும் தூள் எடுத்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்து ஆர்ஜினைன் ஆளைக் கொல்லும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நெஞ்சுவலிக்கு ஜிடிஎன் வைத்திருக்கும் ஒருவருக்கு, பலன் நிரூபிக்கப்படாத ஒன்றை இந்தத் தகவல் தெரிந்தும் கொடுக்க என் மனம் ஒப்பாது. உங்கள் லேபிளின்படி ஒரு வேளைக்கு 5 கிராம், நாளுக்கு இரண்டு வேளை. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. பீட்ரூட்டில் பொட்டாசியம் அதிகம். பெரிண்டோபிரிலும் உடம்பில் பொட்டாசியத்தைக் கூட்டும். இனிப்புநீரால் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம். கடைசியாக எடுத்த சிறுநீரகச் சோதனை முடிவு உங்கள் கடிதத்தில் இல்லை. அது கையில் வரும்வரை பவுடர் வேண்டவே வேண்டாம்.

பீட்ரூட்டே கெடுதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் நிறைய உண்டு. நாக்கின் பின்பகுதியில் வாழும் நல்ல கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்ற, உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு எடுத்துக்கொள்கிறது. பழுதான நொதியைச் சுற்றிக்கொண்டு போகும் வழி என்றே சொல்லலாம். அமெரிக்காவில் 14 முதியவர்களிடம் செய்த ஒரு சின்ன ஆய்வில், நைட்ரேட் நிறைந்த உணவுக்குப் பின் மூளையின் முன்பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடியது. அளந்தது இரத்த ஓட்டத்தைத்தான், ஞாபகத்தை அல்ல. நம் ஊர்ச் சந்தையில் பாயாம், சாவி, கங்கோங் எல்லாம் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. பவுடருக்கு 350 வெள்ளி கொடுப்பவர்கள் அதில் எத்தனை கட்டு வாங்கலாம் என்று யோசிக்க வேண்டும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் நைட்ரேட்டும் போய்விடும், அதனால் நீர்விட்டு வேகவைத்து வடிக்காமல் கூட்டாகவோ ரசமாகவோ செய்யுங்கள். பொட்டாசியம் கூடியிருப்பதாகச் சோதனை காட்டினால் மட்டும் கீரையின் அளவையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிருமிகொல்லி மவுத்வாஷ் தினமும் பயன்படுத்தும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் பல் டாக்டர் சொன்ன நாட்களோடு நிறுத்திக்கொள்ளட்டும். அது நாக்கில் இருக்கும் அந்த நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும். குளோர்ஹெக்ஸிடின் என்ற அவ்வகை மவுத்வாஷை ஒரு வாரம் கொப்பளித்த ஆரோக்கியமானவர்களுக்கே கொதிப்பு சிறிது ஏறியதைக் கண்டிருக்கிறார்கள்.

நீல மாத்திரை: கண்டிப்பாகக் கூடாது

இதில் மட்டும் எனக்கு 'பார்க்கலாம்', 'யோசிக்கலாம்' எல்லாம் கிடையாது. சில்டெனாஃபில் வகை மாத்திரைகள், நைட்ரிக் ஆக்சைடு குழாய்க்குள் எழுப்பும் செய்தியை அணையவிடாமல் நீட்டிக்கின்றன. ஜிடிஎன் அந்தச் செய்தியைப் பலமாக எழுப்புகிறது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று பாதாளத்துக்கு விழும். மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போகாமல் உயிரே போகலாம். பெட்டியில் ஜிடிஎன் இருக்கும் வீட்டில் அந்த மாத்திரைக்கு இடமில்லை.

மறதிக்கு நல்லது என்று மாமா கேள்விப்பட்டதற்கு ஒரு மூலம் உண்டு. பிரிட்டனில் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2024இல் ஓர் ஆய்வு வந்தது. ஆண்மைக் குறைவுக்கு இந்த மாத்திரைகளை வாங்கியவர்களுக்கு அல்சைமர் 18 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் அந்த மாத்திரையைக் கேட்டு வாங்குகிற ஆண்கள் மற்றவர்களைவிட ஆரோக்கியமாகவும் சுறுசுறுப்பாகவும் இருப்பவர்களாக இருக்கலாம். மாத்திரைதான் காத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு முன் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில் அப்படி ஒரு வித்தியாசமே தெரியவில்லை.

அப்புறம், அப்பாவின் கோப்பிப் பொட்டலத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 'ஆண்களுக்கான சக்தி' என்று விற்கப்படும் கோப்பி, தேன் வகைகளில் இதே மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பல தடவை பிடித்திருக்கிறது. சொந்தக்காரர்கள் அன்பாகக் கொடுக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று.

மறதிக்கு நாம் பார்க்காமல் விட்ட காரணங்கள்

மறதி என்றாலே மூளைக்கு இரத்தம் போதவில்லை, அல்லது அல்சைமர் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அப்பாவின் பட்டியலில் மெட்ஃபார்மின் என்ற இனிப்புநீர் மாத்திரை இருக்கிறது, பல வருடமாக. அது பி12 சத்தைக் குறைக்கும், பி12 குறைந்தால் மறதி வரும். ஓர் இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். தைராய்டையும் அதோடு பார்த்துவிடலாம். கேட்டதையே திரும்பக் கேட்பவருக்குக் காது மந்தமாகக்கூட இருக்கலாம். பேச்சு குறைந்து டிவி முன் உட்கார்ந்திருப்பது பக்கவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாகவும் இருக்கலாம். நம் அப்பாக்கள் 'மனசு சரியில்லை' என்று வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறோமா? இரவில் பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சின்னக் குழாய்ப் பழுதுதான் காரணம் என்றாலும் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. கொதிப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினால் ஆரம்பநிலை மறதி வருவது குறைகிறது என்று அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்வு 2019இல் காட்டியது. இனிப்புநீர், பக்கவாதம் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை, ஆகவே அதே பலன் அப்பாவுக்கும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் பக்கவாதம் வந்தவருக்கு 130/80க்குக் கீழே வைப்பது எப்படியும் நல்லது. அடுத்த அடைப்பைத் தடுப்பதே அடுத்த கட்ட மறதியையும் தடுப்பதுதான்.

அவருக்கு ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் கொதிப்பு மாத்திரைக்கு அடுத்து நான் சிகரெட்டைத்தான் சொல்வேன். ஐந்தாறுதானே என்று விட முடியாது. புகை உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் குழாய்ச் சுவரின் நைட்ரிக் ஆக்சைடு அழிகிறது. அரசாங்க கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை விட உதவும் பிரிவு உண்டு, நாளைக்குப் போகும்போதே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

பணமும் மாமாவும்

மாமா ஏமாற்ற வந்தவர் இல்லை, அவரையும் யாரோ நம்ப வைத்திருக்கிறார்கள். அதனால் பவுடர் வேண்டாம் என்பதை டாக்டர் பேரில் சொல்லுங்கள். 'மாமா, அப்பாவின் சிறுநீரகத்துக்கும் ஜிடிஎன்னுக்கும் இது ஒத்துவராது என்று டாக்டர் தடுத்துவிட்டார்' என்றால் அவருக்கும் கௌரவமாக இருக்கும். நீல மாத்திரை விஷயத்தை மட்டும் மழுப்பாமல், உயிர் போகும் என்றே சொல்லுங்கள். அவர் வேறு வீட்டிலும் இதையே சிபாரிசு செய்துவிடக் கூடாது.

பணத்துக்கும் வழி உண்டு. 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி வாங்கியவர் மனம் மாறி ஒப்பந்தத்தை ரத்து செய்ய 10 வேலை நாள் அவகாசம் இருக்கிறது. பிரிக்காத போத்தல்களை எடுத்துவைத்து, ரசீதில் தேதியைப் பாருங்கள். கெடு தாண்டியிருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசி ஆலோசனை கேட்கலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு வக்கீல் இல்லாமலே போகலாம், 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள். மாமாவை எதிராளியாக்காமல் நிறுவனத்தோடு பேசுவது உங்கள் சாமர்த்தியம். போத்தலில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் வெறும் உணவு என்று விற்றால் நோயைத் தீர்க்கும் என்று சொல்லவே அனுமதியில்லை. பக்கவாதத்தையும் கொதிப்பையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.

மாமாவுக்கு அப்பாமேல் இவ்வளவு அக்கறை இருக்கும்போது அவருக்கு ஒரு வேலை கொடுக்கலாமே. மாலையில் அப்பாவை நடக்கக் கூட்டிப்போகட்டும். செரோக் தொக்குன் அடிவாரத்தில் சமதரையாக இருக்கும் பகுதி போதும், மலை ஏற வேண்டாம். நடக்கும்போது இரத்தம் வேகமாகக் குழாய்ச் சுவரை உரசிக்கொண்டு ஓடும், அந்த உரசலே சுவரை நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கத் தூண்டும். முதலில் பத்து நிமிடம், பிறகு மெல்ல மெல்ல அரை மணி நேரம். நெஞ்சில் இறுக்கம் வந்தால் நின்றுவிட வேண்டும். சட்டைப்பையில் ஜிடிஎன் இருக்க வேண்டும், மாமாவுக்கு அதை எப்படி வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்: அப்பாவை உட்கார வைத்து நாக்குக்கு அடியில் ஒன்று, ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 999.

நாளைக்குக் கிளினிக்குக்குப் போகும்போது எல்லா மாத்திரைகளையும், பவுடர் போத்தலையும், மெஷினில் எடுத்த அளவுகளைத் தேதி நேரத்தோடு எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள். அளவு எடுக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும், அரை மணிக்குள் கோப்பியோ சிகரெட்டோ கூடாது. சிறுநீரகம், பொட்டாசியம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, பி12, தைராய்டு ஆகிய சோதனைகளைக் கேளுங்கள். ஞாபகச் சோதனை ஒன்றும் செய்யச் சொல்லி, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரியின் ஞாபக கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள், பி12, பொட்டாசியம் இரண்டையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.